தீவு மொழிக்கு இடது வலது வேண்டுமா? புனைமொழியில் திசைச்சொல் அமைப்பது பற்றி

முட்டுச்சந்து:

வணக்கம் மக்களே. எழுதிக்கொண்டிருக்கிற நாவலுக்காக ஒரு புனைமொழி கட்டுகிறேன். பேர் நாலூய். பேசுகிறவர்கள் ஒரு தீவுக்காரர்கள். நடுவில் எரிமலை, கரையோரம் சுற்றிலும் ஊர்கள், மலை மேல் குடியிருப்பு கிடையாது. மீன்பிடிப்பு, கொஞ்சம் கிழங்கு சாகுபடி. ஒலிகள், வினை விகுதிகள் எல்லாம் ஓரளவு அமைந்துவிட்டன. இப்போது இடம், திசைச் சொற்களில் நிற்கிறேன்.

இதுவரை வைத்திருப்பது: உள்ளே என்பதற்கு சிம், வெளியே ஓர், மேலே பினி, கீழே ஔதா, முன்னால் ராக், பின்னால் ராகே, இடது மோ, வலது கே. பக்கத்தில், நடுவில், எதிரே, குறுக்கே எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குக்கு நாலு. எல்லாமே நம்ம தமிழ் மாதிரி பெயருக்குப் பின்னால் ஒட்டும்.

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஒரு பத்தி எழுதினால், தமிழில் எழுதிவிட்டுச் சொல்லை மட்டும் மாற்றின மாதிரி வருகிறது. உப்புச் சப்பில்லை. இன்னும் எத்தனை சொல் சேர்த்தால் மொழிக்குச் சொந்த முகம் வரும்?

வரப்போரம்:

தம்பி, சேர்க்க வேண்டாம், பாதியை எடுத்துவிடலாம். பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் தீவுக்காரர் 'முன்னால்' என்று எதை வைத்துச் சொல்கிறார்?

'காருக்கு முன்னால் நிற்கிறான்' என்றால் குழப்பமில்லை, காருக்கு முகம் இருக்கிறது. 'மரத்துக்கு முன்னால் மாடு நிற்கிறது' என்றால் மரத்துக்கு ஏது முகம்? பார்க்கிற ஆள் தன் முகத்தை மரத்துக்குக் கடன் கொடுக்கிறார். அவர் மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டால் அதே மாடு மரத்துக்குப் பின்னால் போய்விடும். 'மரத்துக்குக் கிழக்கே மாடு' என்றால் யார் எங்கே போனாலும் மாறாது. பொருளின் முகம், பார்க்கிறவரின் முகம், நிலத்தின் முகம் என்று இப்படி மூன்று சட்டகம். நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் இதைப் பல கண்டங்களில் போய்ப் பார்த்தார்கள். கண்ட விஷயம், எல்லா மொழிக்கும் மூன்றும் இல்லை என்பது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் வடக்குக் கோடியில் கூகு யிமிதிர் என்று ஒரு மொழி. கங்காரு என்ற சொல்லை 1770ல் கேப்டன் குக் ஆட்கள் குறித்துக்கொண்டது அவர்களிடம்தான். அதில் 'எனக்கு இடதுபக்கம்' என்று சொல்ல வழியே இல்லை. நாலு திசைதான். மெக்சிகோவில் சியாபாஸ் மலைச்சரிவில் செல்த்தால் பேசுகிறவர்களுக்கு மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம். சமதரையில் இரண்டு பாட்டிலை வைத்தாலும் ஒன்று மேட்டுப்பக்கத்துப் பாட்டில்தான். அவர்கள் ஊரில் தெற்கு மேடு, வடக்கு பள்ளம்.

ஆஸ்திரேலியா வரை போவானேன். எங்கள் டெல்டா பக்கம் 'கீழண்டை வரப்பு, மேலண்டை வரப்பு' என்றுதான் பேச்சு. பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது வலது இடது என்று எந்த எழுத்தராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? என் ஆத்தா அடுப்படிக்குள்ளேயே 'அந்தச் சட்டியக் கொஞ்சம் வடக்கால நகத்துடா' என்பார். 1990களில் எரிக் பீடர்சன் என்கிற மொழியியலாளர் தமிழ்நாட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறார். கிராமத்துக்காரர் திசை சொல்கிறார், நகரத்துக்காரர் இடது வலது சொல்கிறார். இருவரும் பேசுவது தமிழ்தான்.

ஆக, உங்கள் பட்டியலில் இருப்பது நகரத்துத் தமிழரின் உடம்பு. தீவுக்காரர் உடம்பு அதில் இல்லை. எரிமலை நடுவில் இருக்கிறது, எந்த ஊரில் நின்றாலும் ஒரு பக்கம் அதுதான், எதிர்ப்பக்கம் கடல்தான். அப்படி ஒரு நிலத்தில் பிறந்தவருக்கு 'வடக்கு' எதற்கு?

தஞ்சோங்:

வரப்போரம் ஐயா சொன்னதற்கு நேரடி உதாரணம் பாலித் தீவு. காஜா என்றால் மலைப்பக்கம், கெலோட் என்றால் கடல்பக்கம். தென்பாலியில் காஜா வடக்கு. மலையைத் தாண்டி வடகரையில் சிங்கராஜாவுக்குப் போனால் அதே காஜா தெற்கு. கிழக்கு மேற்குக்கு மட்டும் காங்கின், கவுஹ் என்று சூரியனை ஒட்டின சொற்கள், அவை இடம் மாறாது. வீட்டில் சாமி இடம் காஜா பக்கம் அமைவது, தூங்கும்போது தலை எந்தப் பக்கம் என்பது வரைக்கும் இந்தக் கணக்குதான்.

1930களில் அங்கே வாழ்ந்த காலின் மெக்ஃபீ என்ற இசையமைப்பாளர் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். நடனத்தில் கெட்டிக்காரப் பையன் ஒருவனை வேறு ஊர் ஆசிரியரிடம் அனுப்பினாராம். பையனுக்கு அங்கே ஒன்றும் ஏறவில்லை. ஆசிரியர் திசையைச் சொல்லித்தான் அடவு கற்பிக்கிறார், பையனுக்கோ புது ஊரில் திசை பிடிபடவில்லை. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும் ப்ரோ?

ஹவாயில் மவுகா மலைப்பக்கம், மகாய் கடல்பக்கம். ஹொனலுலுவில் இன்றைக்கும் வழி சொல்லும்போது ஆங்கிலம் பேசுகிறவர்களே இந்தச் சொற்களைப் போடுகிறார்கள். கரையோரமாகப் போகிற இரண்டு பக்கத்துக்கும் ஊர்ப்பெயர்தான்: மேற்கே போனால் எவா பக்கம், கிழக்கே போனால் டைமண்ட் ஹெட் பக்கம்.

உங்கள் தீவுக்கு இன்னும் நெருக்கம் பப்புவா நியூகினியில் உள்ள மனாம். அதுவும் உருண்டையான எரிமலைத் தீவு. அந்த மொழியில் கடல்பக்கம், கரைப்பக்கம் இரண்டு. அதோடு கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் ஒன்று, இடக்கைப் பக்கம் ஒன்று. வலக்கைப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தால் தீவைச் சுற்றி வந்துவிடுவீர்கள். அதாவது கடிகாரச் சுற்றும் எதிர்ச்சுற்றும் அங்கே திசைகள்.

சுண்டைக்காய்:

இது கிரிவலம்தானே! திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறவர்களிடம் 'மலை எந்தப் பக்கம்' என்று கேட்டால் நடு ராத்திரியிலும் சோத்தாங்கைப் பக்கம் என்பார்கள். முட்டுச்சந்து ப்ரோ, உங்கள் மொழிக்கு 'வலம்', 'எதிர்வலம்' இரண்டு வேர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன். புனைமொழி என்றால் எதையும் சொல்ல முடிய வேண்டும். தர்க்க ஒழுங்குக்காகவே கட்டின புனைமொழி லோஜ்பானைப் பாருங்கள். முன்னுக்கு ஷாஹு, பின்னுக்கு திஹா, இடதுக்கு ஸுஹா, வலதுக்கு ரிஹு, வடக்குக்கு பெஹா என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு அசையில் சொல். அருகே, கொஞ்சம் தள்ளி, தொலைவில் என்பதற்கு வி, வா, வு. காலத்துக்கு அதே அச்சில் ஸி, ஸா, ஸு. இடத்தை வினையின் கால இடைநிலை மாதிரியே கையாளுகிறது, 'இடதுபக்கத்தில்-நடந்தது' என்று. இந்த ஒழுங்கை எந்த இயற்கை மொழியும் தரவில்லை.

உலகப் பொதுமொழியாகக் கட்டின எஸ்பரான்டோவில் சிக்கனம். 'லா பிர்தோ ஃப்லூகாஸ் என் லா சாம்ப்ரோ' என்றால் பறவை அறைக்குள்ளேயே பறக்கிறது. கடைசிச் சொல்லை 'சாம்ப்ரோன்' ஆக்கினால் வெளியிலிருந்து உள்ளே பறந்து வருகிறது. ஒரே ஒரு மெய்யெழுத்தில் இருப்பும் போக்கும் பிரிந்துவிட்டது. இடதுக்குத் தனி வேர்கூடக் கிடையாது, வலதுக்கு எதிர் என்று மல்தெக்ஸ்த்ரா.

வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வித்தியாசம் செய்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்டார் ட்ரெக் படங்களில் வருகிற வேற்றுக்கிரகவாசிகளின் கிளிங்கான் மொழிக்கு, அதைக் கட்டின மார்க் ஓக்ராண்ட் மூன்றே திசை வைத்தார்: கிழக்கு, வடமேற்கு, தென்மேற்கு. வேடிக்கைதான். ஆனால் அந்த மக்களின் நிலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மொழியைப் படிக்கிறவனுக்குத் தெரிவதில்லை. நாலூயும் அப்படி ஆகிவிடக் கூடாது. இன்னொன்று: நாயகன் தீவை விட்டுக் கிளம்பினால் உங்கள் மலைப்பக்கம் கடல்பக்கம் என்ன ஆகும்? நடுக்கடலில் ஊமையாகிவிடுவானா?

மருதாணி:

கணக்குப்பிள்ளை அண்ணா, லோஜ்பானில் எல்லாம் இருக்கிறது, சரி. அதனால்தான் அதைப் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று அந்தச் சொற்களிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த மொழிக்கு அது பலம், நாவலுக்கு அது பலவீனம். கிளிங்கான் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

டோல்கீன் இதை எப்படிச் செய்தார் பாருங்கள். தன் கதைகளில் வருகிற எல்ஃப் மக்களுக்காக அவர் கட்டின குவென்யாவில் நூமென் மேற்கு, ரோமென் கிழக்கு, ஹ்யார்மென் தெற்கு, ஃபோர்மென் வடக்கு. ஹ்யார்மென் என்பது இடக்கைப் பக்கம், ஃபோர்மென் வலக்கைப் பக்கம். மேற்கே பார்த்து நின்றால்தான் அது பொருந்தும். அந்த மக்களின் புனித நிலம் மேற்குக் கடலுக்கு அப்பால். நாலே சொல்லில் ஒரு சமயமே தெரிகிறது, விளக்கவுரை தேவைப்படவில்லை.

இது கற்பனை மட்டும் இல்லை. சமஸ்கிருதத்தில் தட்சிணம் வலதும் தெற்கும், பூர்வம் முன்னும் கிழக்கும். உதயத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஐரிஷிலும் தெற்கும் வலதும் ஒரே வேர், கிழக்கு முகம். மங்கோலியனில் பருன் வலதும் மேற்கும், தெற்கு முகம். ஹவாயில் ஆகாவ் வலதும் வடக்கும், ஹேமா இடதும் தெற்கும்; குவென்யா மாதிரியே மேற்கு முகம். ஆக நாலூய்க்காரர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று முடிவு செய்துவிட்டாலே பாதிச் சொற்கள் தானாக வந்துவிடும். மீனவர்கள், கடலைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அப்படியானால் 'முன்' என்பதும் 'கடல்பக்கம்' என்பதும் ஒரே வேர். 'முதுகு', 'மலை' ஒரே வேர்.

ஒரு எச்சரிக்கை. இடது வலது என்ற திசை இல்லை என்றால் இடக்கை வலக்கை இல்லை என்று ஆகாது. கூகு யிமிதிரிலும் கைகளுக்குப் பெயர் உண்டு, அதை வெளியே நிலத்தின் மேல் வீசுவதில்லை, அவ்வளவுதான். நம் சோத்தாங்கை, பீச்சாங்கை போல உங்கள் ஆட்களுக்கு வலைக்கை, துடுப்புக்கை என்று வையுங்கள். ஆனால் 'வலைக்கைப் பக்கம் திரும்பு' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் சிரிக்க வேண்டும்.

உதுக்காண்:

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சின்னக் குறிப்பு. நீங்கள் எல்லாரும் திசையைப் பற்றிக் கதைக்கிறியள், சுட்டை ஒருத்தரும் தொடேல்லை. தொல்காப்பியத்தில அ, இ, உ மூண்டும் சுட்டு. தமிழ்நாட்டில உகரம் வழக்கழிஞ்சு போச்சு. எங்களிட்டை இன்னும் இருக்கு. இது எனக்குக் கிட்ட, அது இரண்டு பேருக்கும் தூரம், உது உங்களுக்குக் கிட்ட. உங்கட கையில இருக்கிறதைப் பாத்து 'உதென்ன?' எண்டுதான் கேப்பம். போனில 'உங்க மழையோ?' எண்டு கேட்டால் நீங்கள் இருக்கிற இடத்தில மழையோ எண்டு அர்த்தம். 'அங்க மழையோ' எண்டால் மூண்டாவது இடம்.

பக்கத்தில சிங்களத்தில நாலு: மே எனக்குக் கிட்ட, ஓய உங்களுக்குக் கிட்ட, அர எண்டால் தூரத்தில கண்ணுக்குத் தெரியிறது, ஏ எண்டால் கண்ணுக்குத் தெரியாதது, முன்னம் கதைச்சது. மடகஸ்கார் மொழியில தூரத்துக்கு இன்னும் கனக்கப் படி, அதோட கண்ணுக்குத் தெரியுதோ இல்லையோ எண்டதும் சொல்லுக்குள்ளையே வரும்.

முட்டுச்சந்து தம்பியின்ர தீவில நடுவில மலை நிண்டு அந்தப் பக்கத்தை மறைக்குது. அதால 'மலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாதது' எண்டதுக்கு ஒரு சுட்டு கட்டாயம் இருக்கும். செத்தவரைச் சொல்லவும் அதே சுட்டு வந்தால் நல்லாயிருக்கும் எண்டு எனக்குப் படுது.

முட்டுச்சந்து:

மக்களே, தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்று. பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

திசை வேர் நாலு. லு: கடல்பக்கம், முன், முகம். தா: மலைப்பக்கம், பின், முதுகு. கெரி: மலை வலைக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிப் போகிற பக்கம், அதாவது சுண்டைக்காய் சொன்ன கிரிவலம். மோசா: அதற்கு எதிர்ச்சுற்று. மேலே கீழேவுக்குப் பினி, ஔதா அப்படியே. வடக்கு முதலான நாலும் காலி. இடது வலது காலி.

விகுதி மூன்று. -ம் இருப்பு, -நெ போக்கு, -சு வரவு. லும் என்றால் கடல்பக்கம் இருக்கிற, லுநெ என்றால் கடல்பக்கமாக, லுசு என்றால் கடல்பக்கத்திலிருந்து. எஸ்பரான்டோ இரண்டாகப் பிரித்ததை மூன்றாக்கியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. காகசஸ் மலையில் நாற்பதுக்கு மேல் வேற்றுமை வைத்திருக்கிற மொழிகள் உண்டாமே? உள்ளே, மேலே, அடியில், ஓரத்தில், இடுக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேற்றுமை வைத்துப் பெருக்கிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது.

மருதாணி:

ஆசை வேண்டாம். நீங்கள் சொல்கிற காகசஸ் பக்கத்துத் தாகெஸ்தான் மொழிகளின் அந்த எண்ணிக்கையைப் பற்றி பெர்னார்ட் காம்ரியும் மரியா பொலின்ஸ்கியும் 1998ல் ஒரு கட்டுரை எழுதி உடைத்தார்கள். அங்கே பேசுகிற செஸ் என்ற மொழி போன்றவற்றில் 'உள்ளே', 'மேலே', 'அடியில்' என்று இடம் குறிக்க ஒரு வரிசை உருபு, 'இருப்பு', 'போக்கு', 'வரவு' குறிக்க இன்னொரு வரிசை உருபு. இரண்டையும் பெருக்கித்தான் பெரிய எண் வருகிறது. கற்றுக்கொள்கிற குழந்தைக்கு இருப்பது இரண்டு சின்ன வரிசை. உங்கள் நாலு வேரும் மூன்று விகுதியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஃபின்னிஷ், ஹங்கேரியன் உள்-இட உருபுகளும் இதே மூன்றடுக்கு: இருப்பு, போக்கு, வரவு.

நீங்கள் இன்னும் தொடாத இடம் வேறு. தொட்டுக்கொண்டு இருக்கிற பொருள்கள். கோப்பைக்குள் பழம், மேஜை மேல் கோப்பை, விரலில் மோதிரம், சுவரில் படம், மரத்தில் இலை. இதற்கென்றே நைமேகனில் 71 கோட்டோவியங்கள் கொண்ட ஒரு தொகுப்பு தயாரித்தார்கள், மெலிசா பவர்மனும் வரப்போரம் ஐயா சொன்ன அதே எரிக் பீடர்சனும். ஒவ்வொரு படத்தையும் காட்டி 'மோதிரம் எங்கே?' என்று கேட்பது. எந்தப் படமும் எந்தப் படமும் ஒரே சொல்லில் சேர்கிறது என்பதில்தான் ஒரு மொழியின் கணக்கு இருக்கிறது. தமிழில் விரலில் மோதிரம், பையில் பணம், சுவரில் படம் எல்லாம் ஒரே இல்லுக்குள் அடங்கிவிடும். வேறுபாட்டை நாம் வினையில் காட்டுகிறோம்: மாட்டு, சொருகு, ஒட்டு, பதி, கவிழ்த்து. கொரியனில் கிதா என்ற வினை இறுக்கமாகப் பொருத்துவதற்கு. விரலில் மோதிரமும் உறைக்குள் கேசட்டும் அதில் ஒன்று. தளர்வாகப் போடுவதற்கு நெஹ்தா. உள்ளே, மேலே என்பது அங்கே முக்கியமில்லை, இறுக்கமா தளர்வா என்பதுதான். சின்னக் குழந்தைகளே அப்படிப் பிரிக்கிறார்கள் என்று சூன்ஜா சோயும் பவர்மனும் 1991ல் காட்டினார்கள்.

உங்கள் மீனவருக்கு எது முக்கியம்? கட்டியிருக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படகில் கட்டாத பொருள் அலையில் போய்விடும். 'சிம்' என்ற உள்ளே-சொல்லைத் தூக்கிவிட்டு, கட்டுண்டு இருப்பதற்கு ஒன்று, கட்டாமல் கிடப்பதற்கு ஒன்று வையுங்கள். பானைக்குள் மீனும் பாயின் மேல் குழந்தையும் ஒரே சொல்லில் வரும். மரத்தில் காயும் இடுப்பில் கத்தியும் தூணில் படகும் இன்னொன்றில் வரும்.

அப்புறம், சோதித்துப் பார்த்தேன். நைமேகன்காரர்களின் 'மனிதனும் மரமும்' என்ற விளையாட்டு உண்டு. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி உட்கார்ந்து, ஒரே மாதிரிப் புகைப்படக் கட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் சரியான படத்தை எடுக்க வேண்டும். படங்களில் பொம்மை மனிதன் மரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இப்படிப் பார்த்து, அப்படிப் பார்த்து. நானும் என் அறைத்தோழியும் விடுதி மேஜையில் ஒரு போர்வையைத் தடுப்பாகக் கட்டி, இருபக்கமும் தெரிகிற மாதிரி மேசைவிளக்கை மலை என்று வைத்து, நாலூயின் நாலு வேரை மட்டும் வைத்து விளையாடினோம். தீக்குச்சி மனிதன், பொத்தான் கல்.

'குச்சியின் தலை லுநெ, பொத்தான் அதற்கு கெரிம்' என்பது மாதிரி வாக்கியங்கள் வெகு சீக்கிரம் பழகிவிட்டன. இடறியது மூலைவாட்டில். 'லு கெரி' என்று நான் சொன்னதை அவள் 'முதலில் லு, பிறகு அங்கிருந்து கெரி' என்று இரண்டு நகர்வாக எடுத்துக்கொண்டாள். தமிழில் வடகிழக்கு என்பது ஒரே திசை, கிழவடக்கு என்று யாரும் சொல்வதில்லை. வரிசை உறைந்திருப்பதால் குழப்பமில்லை. நீங்களும் கூட்டுத்திசையில் லு, தா முன்னால், கெரி, மோசா பின்னால் என்று உறையவைத்துவிடுங்கள். பிரித்துச் சொன்னால் இரண்டு நகர்வு, ஒட்டிச் சொன்னால் ஒரு மூலை.

வரப்போரம்:

அறைத்தோழிக்கு என் பாராட்டைச் சொல்லும்மா. அகராதி போடுகிற எல்லோரும் அதைச் செய்ய வேண்டும்.

நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். முதலாவது வா, போ. எந்தப் பக்கத்தை 'வா' என்று சொல்வது என்பது மொழிக்கு மொழி மாறும். போனில் பேசும்போது நாம் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்' என்போம், கேட்கிறவர் நிற்கிற இடத்துக்கு நம்மை மாற்றிக்கொள்கிறோம். ஸ்பானிஷ்காரர் அந்த இடத்தில் 'போகிறேன்' என்றுதான் சொல்வார். விடைபெறும்போது நம் வீட்டில் 'போறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் பெரியவர்கள் கோபிப்பார்கள், 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற ஆணுக்கும் கரையில் நிற்கிற பெண்ணுக்கும் நாலூயில் இந்த இடத்தில் எந்த வினை? அதை முடிவு செய்யாமல் ஒரு அத்தியாயமும் எழுத முடியாது.

இரண்டாவது, புதைபடிவம். நம் மேற்கு, கிழக்கு இரண்டும் மேல், கீழ் என்பதிலிருந்து வந்தவை. மலைத்தொடர் மேற்கே, ஆறுகள் கிழக்கே சரிகின்றன, சரி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலம் கிழக்கே அல்லவா ஏறுகிறது? ஆனாலும் அங்கே கிழக்கு கிழக்காகவே இருக்கிறது. மேற்குக்குப் படிஞ்ஞாறு, ஞாயிறு படுகிற திசை. 1856ல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இதை வைத்தே இந்தச் சொல் மலைக்குக் கிழக்கே பிறந்து மேற்கே போனது என்று வாதாடினார். ஒரு சொல் தான் பிறந்த நிலத்தைச் சுமந்துகொண்டே போகும். கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. நாலூய்க்காரர் ஒரு கூட்டம் பக்கத்தில் ஒரு தட்டைத் தீவுக்குக் குடிபோகட்டும். அங்கே மலையே இல்லை. 'தா' என்ற சொல் என்ன ஆகும்? தீவின் நடு என்று ஆகலாம், பழைய ஊர் இருக்கிற பக்கம் என்று ஆகலாம், பாடல்களில் மட்டும் வாழலாம். மூன்றும் நடக்கக்கூடியவை.

கணக்குப்பிள்ளை:

குடிபெயர்வு யோசனை பிரமாதம் ஐயா, என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போனது. மீதிப் பாதி இருக்கிறது. படகு நடுக்கடலில், இரண்டு தீவுக்கும் நடுவில். இரண்டு கரையும் தெரிகிறது. 'தாநெ துடுப்புப் போடு' என்றால் எந்தத் தா?

அது போகட்டும், மலை உச்சிக்கு ஒருவன் ஏறிவிட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் லு. கெரிக்கு அர்த்தமே இல்லை. வடதுருவத்தில் நின்றால் எல்லாப் பக்கமும் தெற்கு ஆகிற கதைதான். அவனிடம் 'லுநெ இறங்கு' என்றால் எந்த ஊரில் போய் இறங்குவான்?

தஞ்சோங்:

நடுக்கடலுக்கு: கிளம்பின தீவுதான் தா, எதிர்த்தீவின் நிழலுக்குள் நுழைகிற வரை. எந்த இடத்தில் மாற்றிக்கொள்வது என்பதில் படகில் இருக்கிற கிழவருக்கும் பையனுக்கும் தகராறு வரட்டும், அதை மொழி தீர்க்க வேண்டியதில்லை. உச்சிக்கு: ஹொனலுலு வழிதான். ஊர்ப்பெயரே திசை.

உதுக்காண்:

உச்சியில நிக்கிறவருக்கு மலைக்கு அங்கால மறைஞ்சது எண்ட சுட்டும் வேலை செய்யாது, எல்லாம் தெரியும். அவர் செத்தவரை எப்பிடிச் சொல்லுவார் எண்டும் ஒருக்கா யோசியுங்கோ.

முட்டுச்சந்து:

அதனால்தான் மலை மேல் குடியில்லை என்று இப்போது காரணமே கிடைத்துவிட்டது, உதுக்காண் அண்ணா! மேலே ஏறினால் மொழி பாதி வேலை செய்யாது. ஏறுவது நோன்பு இருக்கிற ஆட்கள் மட்டும், அவர்களும் அங்கே பேசுவதில்லை. சைகைதான். சைகை பற்றிப் படித்ததும் உதவுகிறது: கூகு யிமிதிர் பெரியவர் ஒருவர் படகு கவிழ்ந்த கதையை ஒரு தடவை ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்தும், இரண்டு வருஷம் கழித்து வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தும் சொன்னாராம். படகு உருண்ட திசையைக் கை இரண்டு தடவையும் உண்மையான திசையிலேயே காட்டியிருக்கிறது.

மாதிரிக்கு இரண்டு வாக்கியம். 'ஹாபெ வகும் கெரிம் ஓதா': துடுப்பு படகுக்கு வலச்சுற்றுப் பக்கம் சும்மா கிடக்கிறது. 'ஹாபெ வகும் கெரிம் இசே': அதே இடத்தில் கட்டியிருக்கிறது. முதல் வாக்கியத்தைக் கேட்டால் யாராவது எழுந்து போய்க் கட்ட வேண்டும், அது செய்தி இல்லை, கட்டளை மாதிரி. விடைபெறுவதற்கு வா, போ இரண்டுமே இல்லாமல் 'லுசு' மட்டும் வைத்திருக்கிறேன், 'கடல்பக்கத்திலிருந்து'. போகிறவரும் அதையே சொல்வார், நிற்கிறவரும் அதையே.

கணக்குப்பிள்ளை சார், உச்சியிலிருந்து இறங்க ஊர்ப்பெயர்தான் திசை என்று முடிவு. வளையத்தில் மொத்தம் பன்னிரண்டு ஊர். பேர் ஒன்றுக்குக்கூட இன்னும் வைக்கவில்லை, இனி அந்த வேலைதான்.

சுண்டைக்காய்:

ஒரு ஊருக்காவது சுண்டைக்காய் என்று வையுங்கள் ப்ரோ. மோசா பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.